நாற்பது கோழிகளும் ஒரு சிவப்புக் கோடும்

இதை எழுதலாமா, விடலாமா என்று ஆறு வருடம் இழுத்தடித்தேன். இதற்கென்று மூன்று கொப்பி வாங்கினேன். முதலாவதில் பேத்தி மீன் படம் கீறி முடித்தாள். இரண்டாவதில் என் மனைவி நோன்புக் கஞ்சிக்கு எந்த வீட்டு முறை எந்த நாள் என்று எழுதிவிட்டாள். மூன்றாவதில் நான் ஒரு வரி எழுதினேன். அடுத்த வரியில் நான் செய்த பாவத்தை எழுத வேண்டி வரும் என்று தெரிந்ததும் கை நின்றுவிட்டது. இது நாலாவது கொப்பி. பாவம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஒரு சைக்கிள் டியூப் ஓட்டையான விஷயம்தான். ஆனால் அந்த ஓட்டையால் ஒரு படை அதிகாரியின் பதவி உயர்வு போகப் பார்த்தது.

என்னை எழுத வைத்தது ஒரு மெஷின். போன மாதம் பென்சன் விஷயமாக ஒரு கடிதம் எடுக்க, நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த கல்முனைப் பாடசாலைக்குப் போனேன். கந்தோர் வாசல் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. ஆசிரியர்கள் வந்து விரலை வைக்கிறார்கள், அது ஒரு சத்தம் போடுகிறது, உள்ளே போகிறார்கள். புதிதாக வந்த எழுதுவினைஞர் தங்கச்சி என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு, சிரித்துக்கொண்டு கேட்டார்: "அலியார் காக்கா, முந்தி இந்த வேலைக்கெண்டு ஒரு ஆளயா வச்சிருந்த?"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அஸர் தொழுதுவிட்டு நாலாவது கொப்பியைத் திறந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிற்றூழியராகச் சேர்ந்தேன். மணி அடிப்பது, கதவு திறப்பது, தேநீர் ஊற்றுவது, வலயக் கல்விக் கந்தோருக்குக் கடிதம் கொண்டுபோவது எல்லாம் ஒரு கிழமையில் பிடிபட்டுவிட்டன. பிடிபடச் சுணங்கியது சிவப்புக் கோடுதான்.

ஆசிரியர்கள் காலையில் வந்த ஒழுங்கில் வரவுப் புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். ஏழரை மணிக்கு நான் மணி அடித்துவிட்டு வந்து மேசைக்கு முன்னால் நிற்பேன். பாடசாலை அதிபர் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு தலையை ஒரு முறை அசைப்பார். நான் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனையால் இடமிருந்து வலம், கை எடுக்காமல் ஒரு கோடு போடுவேன். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தி வந்தவர். மூன்று நாள் பிந்தினால் அரை நாள் லீவு வெட்டு. கோடு நடுங்கினால் அதிபர் முகம் சுளிப்பார். வயிற்றுப் பிள்ளையோடு யாராவது டீச்சர் கேற்றடியில் மூச்சு வாங்க வருவது தெரிந்தால் மட்டும், அடிமட்டத்தைத் தேடுவது போல அரை நிமிடம் நிற்பேன். அதற்காக அல்லாஹ் என்னைப் பிடிக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

எங்கள் அதிபரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். ஆனால் ஆளை நம்ப மாட்டார், புத்தகத்தைத்தான் நம்புவார். ஒரு நாள் கணித ஆசிரியர் அவசரத்தில் கையெழுத்து வைக்காமல் வகுப்புக்குப் போய்விட்டார். பிறகு ஏதோ கேட்க அதிபரிடம் வந்தார். அதிபர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அவர் இன்றைக்கு வரவில்லை என்றார்.

"சேர், நான்தானே முன்னால நிக்கன்."

"நிக்கிறது எனக்கும் தெரியிது மனே. ஆனா வந்தது தெரியல்லியே."

அந்த நாள் அவருக்கு முழு நாள் லீவு.

இனி நசுறுதீன் சேர். உடற்கல்வி ஆசிரியர். அதோடு பாடசாலை மாணவர் படைக்குப் பொறுப்பு. அந்தப் படையில் பொறுப்பான ஆசிரியர்களுக்கு இராணுவத்தில் போலவே தரம் கொடுப்பார்கள். இவர் லெப்டினன். அடுத்தது கப்டன். அவர் நடந்து வந்தால் விறாந்தையில் சிதறி நிற்கும் பிள்ளைகள் தாமாகவே வரிசையாகிவிடுவார்கள். கப்டனாக வேண்டுமென்றால் இத்தனை வருடச் சேவை, இத்தனை பயிற்சி, இத்தனை வருடாந்த முகாம் என்று நிபந்தனை உண்டு. வயதெல்லையும் உண்டு. அந்த வயது வந்துவிட்டால் எந்தத் தரத்தில் இருக்கிறாரோ அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் நீண்ட விடுமுறை. அதனால் மற்றப் பாடசாலைகள் மூடியிருக்கும் சில நாட்களில் நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருப்போம். முகாமோ மற்றவர்களின் விடுமுறையைப் பார்த்துத்தான் வரும். ஆகவே சேர் முகாமுக்குப் போனால் அது கடமை லீவு என்று வலயக் கந்தோரிலிருந்து கடிதம் வர வேண்டும். ஒரு வருடம் பதினாலு நாள் முகாம். கடிதம் வரவில்லை. சேர் நம்பிக்கையோடு வேனில் ஏறிவிட்டார். அந்த வருடம் அவர் சொந்த லீவையெல்லாம் மிச்சம் பிடித்து வைத்திருந்தது மனைவியோடு மக்காவுக்கு உம்றாப் பயணம் போக.

முதல் திங்கட்கிழமை காலை அவருடைய கையெழுத்து இல்லாத பக்கத்தைப் பார்த்தேன். உம்றாவுக்குப் போகும் ஒரு மனிதனின் லீவு வெட்டுப்படப் போகிறதே என்று நெஞ்சு பொறுக்கவில்லை. ஏழு பன்னிரண்டுக்கு வந்ததாக எழுதி, அவருடைய கையெழுத்தை நானே வைத்தேன். அவருடைய கையெழுத்து முடிவில் ஒரு வால் மேலே போய்ச் சுழன்று வரும். வருடக்கணக்காகப் பார்த்த கை, பிசகாமல் வந்தது. பாடசாலை நாட்கள் பத்து. பத்து நாளும் வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பத்து நாளும் ஒரே மாதிரி நேரத்துக்கு வந்தால் அதிபருக்குச் சந்தேகம் வரும் என்று எனக்கு ஒரு புத்தி. இரண்டாவது செவ்வாய்க்கிழமை கோட்டைப் போட்டுவிட்டு, சேரைக் கோட்டுக்குக் கீழே போட்டேன். ஏழு நாற்பது. அதிபர் கண்டுவிட்டார். நசுறுதீன் ஒரு நாளும் பிந்தாத ஆள், விளக்கம் எழுதி வாங்கு என்றார். நான் விளையாட்டுத் திடலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கிணற்றடியில் குந்தியிருந்து விளக்கத்தையும் நானே எழுதினேன். முதல் நாள் சாய்ந்தமருதில் என் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. அதுதான் நினைவுக்கு வந்தது. "சாய்ந்தமருதுச் சந்தியில் சைக்கிள் டியூப் ஓட்டையானதால் பிந்தினேன், மன்னிக்கவும்." வால் சுழற்றிக் கையெழுத்து. அதிபர் வாசித்து, சுருக்கொப்பம் வைத்து, சேருக்குரிய பைல் கோவையில் போடச் சொன்னார்.

சேர் முகாமிலிருந்து வந்தார். லீவு வெட்டுப்படவில்லை. உம்றாவுக்குப் போனார், எனக்கு ஒரு தஸ்பீஹ் மணியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று பள்ளிவாசல் பயான்களில் கேட்டு வளர்ந்தவன். நான் செய்தது நன்மையல்ல, கள்ளக் கையெழுத்து என்பது நாலு வருடம் என் மண்டையில் ஏறவே இல்லை.

நாலு வருடம் கழித்து ஏறியது. சேருக்குக் கடிதம் வந்தது: கப்டன் தரத்துக்குத் தகுதியில்லை, ஒரு வருடாந்த முகாம் குறைகிறது. அந்த முகாமின் காலை அணிவகுப்பு இடாப்பில் அவர் பெயருக்கு நேரே ஒரு நாளும் அடையாளம் இல்லையாம். பாடசாலையில் விசாரித்தார்களாம். அந்த நாட்களில் அவர் பாடசாலையில் இருந்ததாகவும், ஒரு நாள் சைக்கிளால் பிந்தியதாகவும் அத்தாட்சிப்படுத்திய பிரதி வந்ததாம். வருட முடிவோடு வயதெல்லை. வேண்டுமானால் மேன்முறையீடு செய்யலாம்.

அதற்குள் சேரின் மனைவி வீட்டுக் கேற்றில் "கப்டன் நசுறுதீன்" என்று பலகை எழுதி மாட்டிவிட்டிருந்தார். கடிதம் வந்த அன்றே அதை உரப்பையால் மூடினார்கள். போகிற வருகிறவர்கள், வீடு விற்கப் போறீங்களா என்று கேட்டார்களாம்.

சேர் மேன்முறையீடு அனுப்பினார். பதில் வந்தது. அந்த முகாம் நடந்த அதே மலைநாட்டு இடத்தில் விசாரணை; வரவுப் புத்தகத்தின் மூலப் பிரதியும், அதைக் காப்பவரும் வர வேண்டும். காப்பவர் நான். அதிபர் பக்கங்களை எண்ணி, மெழுகுச் சீலையில் சுற்றி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "அலியார், இந்தப் புத்தகம் உன்னோட போகல்ல. நீதான் புத்தகத்தோட போற."

விடிய சுபஹு தொழுதுவிட்டு வேனில் ஏறினோம். சேர் முழுச் சீருடையில். நான் மடியில் புத்தகத்தோடு. சேரின் மனைவி கட்டித் தந்த இடியப்பமும் இறைச்சியும் இருந்தன.  அம்பாறை தாண்டியதும் சேர் தொடங்கினார்.

"எனக்கிட்ட சைக்கிளே இல்ல அலியார் காக்கா. நான் மோட்டார் சைக்கிள்ல வாற மனிசன். சைக்கிள் எங்கால வந்த?"

நான் இடியப்பத்தை வாயில் வைத்தேன்.

யாரோ தனக்குச் சதி செய்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. முதலில் பிரதி அதிபர். மலை தெரியத் தொடங்கியதும் விஞ்ஞான ஆசிரியர். இன்னும் கொஞ்சம் போனதும் தன் சொந்த மச்சான். ஒவ்வொருவர் பெயருக்கும் நான் "அப்பிடி இரிக்காது சேர்" என்றேன். நான் எல்லாரையும் நல்லவராகப் பார்க்கிறேன் என்று அவர் என்னைப் புகழ்ந்தார். மகியங்கனையில் இறங்கி கை கால் கழுவி ஒழுச் செய்து பகல் தொழுகையான லுஹர் தொழுதோம். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்து முடிவெடுத்தேன், எழும்பியதும் சொல்லிவிடுவது என்று. ஸலாம் கொடுத்துத் திரும்பினால் சேர் துஆவில் இருக்கிறார், கொஞ்சம் சத்தமாக. அந்தக் கள்ளக் கையெழுத்துக்காரனின் கை சுகமில்லாமல் போகட்டும் என்று கேட்கிறார். நான் பழக்கத்தில் ஆமீன் சொல்லிவிட்டேன். பிறகு எப்படிச் சொல்வது?

முகாம் வாசலில் இன்னொரு அதிசயம். வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பருத்த சார்ஜன்ட் சேரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "குக்குள் மாத்தயா!" என்றார். குக்குள் என்றால் சிங்களத்தில் கோழி, மாத்தயா என்றால் ஐயா. சேர் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து, நேரே பார்த்து, அவரைத் தெரியாதவர் போல நடந்தார். ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார் போல என்று நினைத்தேன்.

விசாரணைக்கு மூன்று பேர். நடுவில் இருந்த கேணல் மெலிந்த மனிதர். கிழக்கில் நீண்ட காலம் வேலை செய்தவர், தமிழ் ஆறுதலாக, தெளிவாகக் கதைத்தார். ஒரு கடதாசியைப் பார்த்து முடித்தால் அதன் மூலையை மற்றக் கடதாசிகளின் மூலையோடு சரிபார்த்து வைத்த பிறகுதான் அடுத்ததை எடுப்பார். எனக்கு எங்கள் அதிபர் நினைவுக்கு வந்தார். அவர் என் புத்தகத்தைப் பிரித்து, பத்துக் கையெழுத்தையும் பார்த்து, சைக்கிள் கடிதத்தைச் சேரிடம் நீட்டினார்.

"உங்களுக்கு சைக்கிள் இருக்கா?"

"இல்ல சேர்."

"இது உங்கட கையெழுத்தா?"

சேர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாவம், உண்மையைச் சொன்னார். "என்ட கையெழுத்து மாதிரித்தான் இரிக்கி சேர். ஆனா நான் வைக்கல்ல."

கேணல் கடதாசியின் மூலையைச் சரிசெய்தார். அது முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. இந்த மனிதர் லெப்டினனாகவே வீட்டுக்குப் போவார், கேற்றில் உரப்பை தொங்கும், அது என் கையால். கியாமத்து நாள் விசாரணையில் அந்தக் கையே பேசும் என்பதை நம்புகிறவன் நான். அது அங்கே பேசுவதைவிட நான் இங்கே பேசுவது நல்லது. எழும்பி நின்றேன்.

"அந்த சைக்கிள் என்ட சேர். ஓட்டையும் என்ட. கையெழுத்தும் நான்தான் வச்ச."

சேர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புக் காணாது. மகியங்கனையில் நான் சொன்ன ஆமீன் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். 

கேணல் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். வைத்துக் காட்டு என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி வைத்தேன். அப்படிப்பட்ட காரியத்துக்கு பிஸ்மில்லாஹ் சொன்னதற்கும் பிறகு பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்தேன். வால் சுழன்று அழகாக வந்தது. அடுத்து சேரை வைக்கச் சொன்னார். சேருக்குக் கை நடுங்கி, வால் கீழே விழுந்து, பெயரே பாதியில் நின்றது. மூன்று பேரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர், பார்த்தால் இவர்தான் லெப்டினன் போல இருக்கிறார் என்று என்னைக் காட்டினார்.

ஆனாலும் கேணல் விடவில்லை. ஒருவருக்காகக் கள்ளக் கையெழுத்து வைத்த ஆள் அவருக்காகப் பொய்யும் சொல்லலாம் அல்லவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சேர் இங்கே இருந்தார் என்பதற்கு இங்கே என்ன அத்தாட்சி? பதினாலு நாளும் ஏன் ஒரு அணிவகுப்பிலும் இல்லை? அந்த நேரம் எங்கே இருந்தார்?

 சேரின் முகம் செங்கல் நிறமாகியது. அணிவகுப்பை நடத்தியதே தான்தான் என்று அவர் கல்முனையில் கொஞ்சப் பேரிடமா சொல்லியிருந்தார்? கேணல் பேனையை மூடப் போனார்.

"குசினியில இருந்த சேர்," என்றார் நசுறுதீன் சேர்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. அந்த வருடம் முகாமில் முஸ்லிம் பிள்ளைகள் நிறைய. கோழியை ஒரு முஸ்லிம்தான் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். முகாமில் இருந்த ஒரே முஸ்லிம் அதிகாரி இவர். சமையல் ஆட்களில் முஸ்லிம் யாரும் இல்லை. பிள்ளைகள் ஹராம் சாப்பிடக்கூடாது என்று இவரே கத்தியை எடுத்தார். விடிய சுபஹு தொழுதுவிட்டு நாற்பது கோழி. அந்த நேரத்தில்தான் காலை அணிவகுப்பு. அணிவகுப்பு முடிய இவர் கை கழுவி வருவார். அப்போதிருந்த பொறுப்பதிகாரி, உமக்கு அணிவகுப்பு குசினியில்தான் என்று வாயால் சொன்னாரே தவிர இடாப்பில் எழுதவில்லை. இப்போது அவர் நாட்டிலேயே இல்லை.

கேணல் ஆளனுப்பினார். வாசலில் கண்ட அதே சார்ஜன்ட் ஒரு கிழிந்த பங்கீட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாளும்: கோழி நாற்பது, முறைப்படி அறுக்கப்பட்டது, அதிகாரியின் ஒப்பம். பக்கங்களில் பழுப்புக் கறை. சில ஒப்பத்துக்கு மேல் சின்ன இறகு ஒட்டிக் காய்ந்திருந்தது. கேணல் இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்தார். ஒன்றில் என்னுடைய சுழன்ற வால்கள். மற்றதில் ஈரக் கையால் கோணல் மாணலாக ஏதோ.

"எது உங்கட?"

"இறகு ஒட்டினதுதான் சேர்."

பிறகு அந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமைப் பக்கம் வந்தது. அன்று மட்டும் முப்பத்தெட்டு. அதோடு ஒரு துண்டுக் கடதாசி குத்தியிருந்தது. கேணல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, ஆறுதலாகத் தமிழில் சொன்னார்: இரண்டு கோழி கூட்டிலிருந்து தப்பியோடின, நானே துரத்தினேன், ஒன்று மரத்திலும் ஒன்று பொறுப்பதிகாரியின் ஜீப்புக்கு அடியிலும் போனது, பிடிக்க முடியவில்லை, மன்னிக்கவும். லெப்டினன் நசுறுதீன். காலை ஏழு நாற்பது.

ஏழு நாற்பது. நான் அவரைச் சாய்ந்தமருதுச் சந்தியில் காற்றில்லாத சைக்கிளோடு நிறுத்திய அதே நேரம் அவர் மலைநாட்டில் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்திருக்கிறார். ஒரே நாளில் ஒரே மனிதருக்கு இரண்டு விளக்கக் கடிதம்.

முதலில் சிரித்தது சார்ஜன்ட். பிறகு ஓரத்தில் இருந்த இருவர். கேணல் கடைசிவரை சிரிக்கவில்லை. ஆனால் கடதாசிகளின் மூலையைச் சரிபார்க்க மறந்துவிட்டார். மேன்முறையீடு ஏற்கப்பட்டது. அந்த முகாம் எண்ணப்படும், வருடம் முடிய முன் தரம் கிடைக்கும் என்றார். என் பக்கம் திரும்பி, உன் விஷயம் பாடசாலைக்குரியது, உன் அதிபர் பார்க்கட்டும் என்று ஒரு மூடிய கடிதம் தந்தார்.

 திரும்பி வரும் வழியில், மகியங்கனை தாண்டிய பிறகு சேர் கேட்டார்: "கை எப்படி இரிக்கி காக்கா?"

"இன்னும் சுகமாத்தான் இரிக்கி சேர்."

"அந்த துஆவ நான் வாபஸ் எடுத்திட்டன். உம்றாக்குப் போனது உங்கட கையாலதானே. மாப்புத் தந்திட்டன்."

நான் வேனுக்குள் அழுதேன். அவரும் மூக்கைத் துடைத்தார். கோழி விஷயம் ஊருக்குள் போகக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஆனால் வேன் ஓட்டிய சாரதிக்குக் காது இருந்தது. நாங்கள் கல்முனையில் இறங்கி இரண்டாம் நாள், சேரின் மனைவி வளவுக்குள் நின்று சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

"வீட்ட ஒரு சேவல் அறுக்கச் சொன்னா கை நடுங்குது, ரெத்தத்தக் கண்டா தல சுத்துது எண்ட மனிசன். அஞ்சூத்தி அம்பத்தெட்டுக் கோழியா?"

அன்றிலிருந்து அவர் வீட்டில் கோழி வெளியே அறுக்கக் கொடுப்பதில்லை. உரப்பையை அவிழ்த்தார்கள். கப்டன் பலகைக்குக் கீழே நின்று கப்டன் சேவல் அறுப்பதை நானே கண்டிருக்கிறேன்.

இனி என் விஷயம். மூடிய கடிதத்தை அதிபரிடம் கொடுத்துவிட்டு, வேலை போகும், பென்சன் போகும் என்று யாஸீன் ஓதிக்கொண்டு நின்றேன். அவர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். வரவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பக்கங்களை எண்ணினார். அந்தப் பத்து நாளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதில பத்து நாளும் வந்திரிக்காரே."

"சேர், அது நான் வச்ச கையெழுத்து."

"நீ வச்சதெண்டு இதில எங்க இரிக்கி?"

அதிபர் கேணலின் கடிதத்தில் "பார்த்தேன்" என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்து, கோவையில் போட்டார். "கோடெல்லாம் நேரா இரிக்கி. போய் பெல்ல அடி."

அடித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அடித்தேன். தண்டனை கிடைத்திருந்தால் அன்றே மனம் ஆறியிருக்கும். கிடைக்காததால்தான் இவ்வளவு காலம் இது நெஞ்சில் கிடந்தது. எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். உரியவர் மாப்புத் தந்துவிட்டார், அல்லாஹ்விடம் கேளுங்கள், உண்மையை மறைக்காதீர்கள் என்றார். அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் எனக்கு ஆறு வருடமும் நாலு கொப்பியும் தேவைப்பட்டன. கப்டனிடமும் அனுமதி கேட்டேன். எழுதுங்க, ஆனால் கோழித் தொகையைச் சரியாக எழுதுங்க என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஊரான மருதமுனையில் இந்தக் கதை நாளைக்கு நானூறு கோழி என்று நடக்கிறது. ஒலுவிலில் அது மாடாகிவிட்டது. போன பெருநாளில் ஒருவர் என்னிடமே வந்து, கேணல் சைக்கிளில் வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நாளைக்கு நாற்பது, ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் முப்பத்தெட்டு. சைக்கிள் என்னுடையது. ஓட்டை என்னுடையது. கள்ளக் கையெழுத்தும் என்னுடையது. இறகு ஒட்டின ஒப்பம் அவருடையது.

கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். கை நடுங்கவில்லை. இதற்குப் பிறகு யாரும் ஒரு கோழியும் சேர்க்க வேண்டாம். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். அது பிந்தி வந்தவனுடையது. இந்த முறை என் சொந்தக் கையெழுத்து.

அலியார், ஆறு வருடம் பிந்தி.